தாய் மண்ணை உடைக்கலாமா?

“என் கைக்குச் செடி வராதும்மா” என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் இதைச் சொல்கிற ஒருவராவது இருக்கிறார். பெரும்பாலும் பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். பால்கனி மூலையில் காலித் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். ரோஜா வைத்தேன், கருகிவிட்டது. செம்பருத்தி வைத்தேன், மொட்டு மொட்டாக உதிர்ந்தது. எலுமிச்சை வைத்தேன், இலை கொட்டிக் குச்சியாக நின்றது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பழியைத் தங்கள் கைமேல் போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கைராசி, ஒடித்து நட்டாலும் துளிர்க்கிறது; எனக்கு அது இல்லை. அதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் செடியே வாங்குவதில்லை.

என் அத்தையும் இதையே சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்கு இது பொறுக்கவில்லை. அத்தை வளர்ந்தது கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில். அந்த வீட்டுக் கொல்லையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டி வாழை, அதற்கு அடுத்து ஒரு பெரிய நாரத்தை மரம், வேலியோரம் நந்தியாவட்டையும் அடுக்குச் செம்பருத்தியும், துளசி மாடத்துக்குப் பின்னால் கறிவேப்பிலை. அத்தனையையும் பார்த்துக்கொண்டது அத்தைதான். அந்த நாரத்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஜாடி ஜாடியாகக் கொடுத்தனுப்பிய கை அது. அதே கைதான் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஆறாவது மாடியில், மேற்கு பார்த்த பால்கனியில், ஒரு சின்ன ஆரஞ்சுச் செடியைக் காப்பாற்ற முடியாமல் தவித்தது. கை மாறவில்லை. மாறியது மண், தண்ணீர், வேர் ஓடுவதற்கு இருக்கிற இடம். இதை நான் அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் சரி, எனக்கு வரல, அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார்.

காயைப் பார்த்து வாங்கியது

அத்தை வாங்கியது சைனா ஆரஞ்சு. நம் ஊர் நர்சரிகளில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். கமலா ஆரஞ்சு வகையும் கும்குவாட் என்கிற குட்டி ஆரஞ்சு வகையும் கலந்து வந்த கலப்பினம். பழம் எலுமிச்சையை விடச் சின்னது, நிறம் ஆரஞ்சு, உள்ளே நல்ல புளிப்பு. இரண்டடி உயரத்திலேயே காய்த்துத் தள்ளும். பழுத்த பிறகும் பழம் சீக்கிரம் உதிராமல் பல வாரங்கள் கிளையிலேயே தங்கும். அழகுக்கு வைக்கும் செடிகளில் இதற்கு ஒரு தனி இடம் இருப்பது இதனால்தான். தெற்குச் சீனாவிலும் வியட்நாமிலும் புத்தாண்டுக்கு வாசலில் கும்குவாட் தொட்டி வைப்பது வழக்கம். பொன் நிறப் பழம் செல்வத்தைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை. பண்டிகை முடிந்ததும் அந்தச் செடிகளில் பல குப்பைக்குத்தான் போகின்றன. அங்கே அது பூங்கொத்து வாங்குவதற்குச் சமம். பத்துப் பதினைந்து நாள் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். நாம் அப்படி வாங்குவதில்லை. ஒரு செடியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வருடக்கணக்கில் இருக்கும் என்றுதான் நினைக்கிறோம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அப்படி நினைக்கிறவர்கள் பூங்கொத்து வாங்குவதைப் போலச் செடியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நர்சரியில் நாம் கேட்கும் முதல் கேள்வி, “காய் வெச்ச செடி இருக்கா?” என்பதுதான். சின்னப் பையில், கொஞ்சம் வேரோடு, இருபது முப்பது காய் தாங்கி நிற்கிற செடியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்தக் காய்கள் எல்லாம் நர்சரியில் கிடைத்த கவனிப்பில் வந்தவை. நிழல் வலை, காலையும் மாலையும் தண்ணீர், நேரத்துக்கு உரம். சென்னை நர்சரிகளுக்கு வருகிற செடிகளில் கணிசமானவை ஆந்திராவில், ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம், கடியபுலங்கா பகுதியிலிருந்து லாரியில் வருகின்றன. அங்கே ஊர் ஊராக நர்சரித் தொழில்தான். அவ்வளவு தூரம் லாரியில் குலுங்கி வருகிற செடிக்கு வேரைச் சுற்றி இறுக்கமான களிமண் இருந்தால்தான் வேர் ஆடாது, ஈரமும் நிற்கும். அனுப்புகிறவர் செய்வது அவர் தொழிலுக்குச் சரியான காரியம். சிக்கல் ஆரம்பிப்பது அதற்கு அப்புறம், நாம் அதைத் தொட்டியில் வைக்கும்போது.

செடி விற்றவர் அத்தையிடம் சொல்லி அனுப்பியது இது: “தாய் மண் உடையாம அப்படியே எடுத்து வைங்கம்மா, செடி தெரியாமலே பிடிச்சுக்கும்.” தாய் மண், அதாவது நர்சரிப் பையில் வேரைச் சுற்றி வருகிற மண் கட்டி, உடையக் கூடாது என்பது நம் ஊரில் செடி வைக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். தென்னங்கன்றுக்கும் மாங்கன்றுக்கும் தோட்டத்தில் குழி எடுத்து நடும்போது அது சரியான பாடம். அத்தை அதை அப்படியே கடைப்பிடித்தார். பையைப் பிளேடால் கீறி, மண் உதிராமல் தூக்கி, தேங்காய் நார்த் தூளும் மண்புழு உரமும் கலந்த கலவையில் பக்குவமாக இறக்கினார். மாடித்தோட்டக் கடையில் இதைத்தான் பரிந்துரைத்தார்கள். எடை குறைவு, தளத்துக்குப் பாரம் இல்லை.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இலை விழ ஆரம்பித்தது. அத்தை தண்ணீரைக் கூட்டினார். இன்னும் விழுந்தது. யூடியூபில் பார்த்து வெங்காயத் தோல் தண்ணீர், டீத்தூள், பொடித்த முட்டை ஓடு என்று ஒவ்வொன்றாகப் போட்டார். இலை எல்லாம் போன பிறகும் பழம் மட்டும் சிவக்கச் சிவக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு “அட, எவ்வளவு பழம்!” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று அத்தைக்கு மட்டும் தெரிந்தது.

தொட்டியைக் கவிழ்த்த நாள்

ஆடி கழிந்து வெயில் சற்றுத் தணிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அத்தை அந்தச் செடியைத் தூக்கிப் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் கொடுக்க இருந்தார். போடுகிற செடிதானே, ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துவிடுகிறேன் என்றேன். பால்கனித் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் தட்டித் தட்டி இழுத்தோம்.

வெளியே வந்ததும் முதலில் தெரிந்தது வாடை. வெளிப்பக்கத்து நார்த் தூள் கலவை சொதசொதவென்று, கொஞ்சம் புளித்த நாற்றத்தோடு இருந்தது. தினமும் ஊற்றிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் நின்றிருக்கிறது. அதை விரலால் தள்ளித் தள்ளி எடுத்தபோது, நடுவில் நர்சரிப் பையின் வடிவம் மாறாமல் அந்த மண் கட்டி அப்படியே இருந்தது. பையின் மடிப்புக்கூட அதன்மேல் பதிந்திருந்தது. வெளியே ஒரு வேர்கூட நீண்டிருக்கவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். செங்கல்லைக் குத்தியது போல் இருந்தது. ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. உடைத்த இடத்தில் தூசி பறந்தது. மாதக்கணக்கில் தினமும் தண்ணீர் ஊற்றிய தொட்டியின் நடுவே, வேர் இருக்கிற அந்த இடத்தில் மட்டும் ஈரமே இல்லை.

அத்தை அந்தத் துண்டைக் கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். “இவ்வளவு தண்ணி ஊத்தினேனே, இது எங்க போச்சு?” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அத்தை கைராசியை விட்டுவிட்டு மண்ணைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

நடந்தது இதுதான். களிமண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கும். சுருங்கினால் கட்டிக்கும் வெளிக் கலவைக்கும் நடுவில் இடைவெளி விழும். நாம் ஊற்றுகிற தண்ணீர் எது சுலபமான வழியோ அதில் போகும். லேசான நார்த் தூள் வழியாக இறங்கி, அடி ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். தட்டில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து செடிக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கட்டி ஊறிவிட்டால் சுற்றியிருக்கிற லேசான கலவை காய்ந்த பிறகும் அது காயாது. உள்ளே காற்று போகாது. வேர் மூச்சுமுட்டி அழுகும். காய்ந்தாலும் கஷ்டம், நனைந்தாலும் கஷ்டம். ஒரே தொட்டிக்குள் இரண்டு வகை மண்ணை வைத்துவிட்டு எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாலும் பலன் இருக்காது. நிலத்தில் நட்டால் சுற்றிலும் இருக்கிற மண் தன் ஈரத்தைக் கட்டிக்கும் பகிரும், வேருக்கும் வருடக்கணக்கில் தேடிப் போக நேரம் இருக்கிறது. தொட்டிச் செடிக்கு அந்த வசதி கிடையாது. நாம் கொடுத்ததுதான் அதற்கு உலகம்.

அதனால் இப்போது என் முடிவு இது: தொட்டிக்குப் போகிற எலுமிச்சை வகைச் செடிக்குத் தாய் மண்ணை உடைக்கத்தான் வேண்டும். முரட்டுத்தனமாகப் பிய்க்கச் சொல்லவில்லை. கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு, ஊறிய மண்ணை விரலால் வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாகக் கரைக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் போதும். தண்டை ஒட்டிய சல்லிவேர்களுக்கு நடுவே இருக்கிற மண்ணைத் தொட வேண்டாம். பையின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றிப் போயிருக்கிற வேர்களைக் கத்தரிக்கலாம். விட்டால் அவை அப்படியே தடித்து, சில வருடங்களில் செடி தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். வேரைக் குறைத்தால் மேலேயும் குறைக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக் கிளை. காய்கள் அத்தனையும் போக வேண்டும். கத்திரி வெயிலில் இந்த வேலையே கூடாது. செய்த பிறகு இரண்டு வாரமாவது நிழல்.

காய்களைப் பறிப்பதுதான் அத்தைக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்காகத்தானே வாங்கினார். ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தட்டில் போட்டார்; பழுத்ததை அன்றைக்கு ரசத்தில் பிழிந்தோம், மீதியை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டு வைத்தார். புதுக் கலவையில் செம்மண், ஆற்று மணலுக்குப் பதில் சலித்த செங்கல் ஜல்லி, நன்றாக மக்கிய தொழுவுரம், கொஞ்சம் நார்த் தூள், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த் தூளை முதல் நாளே ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தோம். அதில் இருக்கிற உப்பை எலுமிச்சை வகை தாங்காது. தண்டும் வேரும் சேருகிற இடம் மண்ணுக்குமேல் தெரிகிற மாதிரி வைத்தோம். அந்த இடத்தில் ஈர மண் ஒட்டிக்கொண்டே இருந்தால் பட்டை அழுகிப் பிசின் வடிகிற நோய் வரும்.

தொட்டியில் மரம் வளர்த்தவர்கள் எல்லாருமே வேரைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. பிரான்ஸில் வெர்சாய் அரண்மனையில் 14ஆம் லூயி காலத்தில், 1684இலிருந்து 1686வரை, ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மாபெரும் கூடத்தைக் கட்டினார்கள். பனிக்காலம் முழுக்க மரங்கள் உள்ளே இருக்கும். கோடையில் வெளியே தோட்டத்துக்கு வரும். இன்றும் அப்படித்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள், சிலவற்றுக்கு 200 வயதுக்கு மேல். அந்த மரங்கள் நிற்கிற சதுர மரப்பெட்டிகளின் பக்கச் சுவர்களைத் தனியே கழற்றலாம். மரத்தை வெளியே எடுக்காமலே ஒரு பக்கத்தைத் திறந்து வேரைப் பார்த்து, வெட்டி, பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புதிய மண்ணை வைக்கத்தான் அந்த ஏற்பாடு. அரசனின் ஆரஞ்சு மரத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. நாம் ஒரு தடவை தொட்டியில் இறக்கிவிட்டு, ஐந்து வருடம் கழித்து “ஏன் காய்க்கவில்லை?” என்று கேட்கிறோம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கவிழ்க்காமல் எலுமிச்சை வளர்க்க முடியாது.

மஞ்சள் இலையும் போர் தண்ணீரும்

செடி பிழைத்தது. ஆனால் புதிதாக வந்த தளிர் எல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டது மாதிரி தெரியும், நடுவில் வெளிறியிருக்கும். புது இலையில் இப்படி வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துச் சிக்கல். மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை; மண் காரத்தன்மை ஏறிவிட்டால் இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியாது. சென்னைப் புறநகர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். குழாயில் வெள்ளைப் படிவு, வாளியில் வெள்ளைப் படிவு, தொட்டி விளிம்பிலும் அதே. இட்லிப் பூ செடியிலும் இதே மஞ்சளைப் பார்க்கலாம், காரணமும் இதுதான். இந்தத் தண்ணீர் போகிற தொட்டியில் மேலும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதில் பயன் இல்லை. அதுவும் சுண்ணாம்புச் சத்துதான். எப்சம் உப்பை எல்லா மஞ்சளுக்கும் போடுகிறார்கள். அது மெக்னீசியம் குறைந்தால் தேவைப்படுவது. அந்தக் குறை தெரிவது கீழே இருக்கிற முதிர்ந்த இலைகளில், புதுத் தளிரில் இல்லை.

அத்தை வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தினமும் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவந்தார். சிக்கனமான வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற தண்ணீர். மூலத் தண்ணீரைவிட மோசம். எலுமிச்சை வகை உப்பைச் சுத்தமாகத் தாங்காது, இலை நுனி கருகிவிடும். அந்தத் தண்ணீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகட்டும். செடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். ஐப்பசி மழையில் தொட்டிகளை நகர்த்தித் திறந்தவெளியில் நனையவிட்டால் வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். அடி ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும், தொட்டி இரண்டு செங்கல்மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது, அதனால் சுருக்கமாக. எலுமிச்சை நிறையச் சாப்பிடுகிற செடி. மாதம் ஒருமுறை ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை நன்றாகக் கரைத்து நீர்க்க ஊற்றலாம், மண்புழு உரம் மேலே தூவலாம். நுண்ணூட்டம் வேருக்குப் போவதைவிட இலையில் தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும். எலுமிச்சைக்குத் துத்தநாக சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, மார்ச், ஜூலை, அக்டோபரில் தளிர் வந்த பிறகு தெளிக்கச் சொல்கிறார்கள். தொட்டிச் செடிக்கு நான் அதில் பாதிதான் போடுகிறேன். தெளிப்பது மாலையில்.

பூச்சி என்றால் எல்லோரும் முதலில் பயப்படுவது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் உட்கார்ந்திருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்பை நீட்டி ஒரு வாடையை விடும். சின்னச் செடி என்றால் நாலு புழு சேர்ந்து ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும், உண்மைதான். அதற்காக நசுக்க எனக்கு மனம் வருவதில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றையும் அது தின்னும். இலையோடு கிள்ளி, பெரிய கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடுகிறேன். அங்கே அது தின்பது தெரியக்கூடத் தெரியாது. தளிரைச் சுருட்டி உள்ளே வெள்ளிக் கோடு போடுகிற இலைத்துளைப்பான் வேறு விஷயம். அதற்குத் தளிர் வரும்போதே வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும். வந்த பிறகு தெளித்து ஒன்றும் ஆகாது. எறும்பு வரிசையாக ஏறினால் மேலே எங்கேயோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் எதை வாங்குவது?

காய் இல்லாத செடியை வாங்குங்கள். கேட்டால் நர்சரிக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பரவாயில்லை. தண்டு கட்டை விரல் தடிமனுக்கு வருகிறதா, ஆட்டினால் மண்ணோடு சேர்ந்து நிற்கிறதா அல்லது தனியாக ஆடுகிறதா, பையின் அடியிலிருந்து தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருக்கிறதா, இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேர் தரையில் இறங்கிய செடியைப் பிடுங்கும்போது பாதி வேர் அங்கேயே தங்கிவிடும். இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி இருந்தால் அது சொறி நோய். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒட்டுச் செடி என்றால் உசத்தி, விதைச் செடி என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எலுமிச்சையில் அது முழுக்கச் சரியில்லை. எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு உண்டாகும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சாகவே வரும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 மாதிரி நல்ல ரகத்தின் விதைக் கன்றும் நன்றாகவே காய்க்கும். அதற்கு நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும், முள்ளும் அதிகம் இருக்கும். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஏது? அவர்கள் பதியன் போட்ட கன்றை வாங்குவது நல்லது. இரண்டாவது வருடத்திலேயே பூ பார்க்கலாம். சாத்துக்குடியும் கமலாவும் மொட்டு ஒட்டுக் கட்டியவைதான் வாங்க வேண்டும். அதில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே இருந்து முளைக்கிற தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். அது ஒட்டுக்கு அடிச்செடியாக வைத்தது, பெரும்பாலும் முரட்டு எலுமிச்சை. மேலே இருப்பதைவிட வேகமாக வளரும். கண்டுகொள்ளாமல் விட்டால் சாத்துக்குடி காய்ந்து, முள்ளும் தடித்த தோலுமாக வேறொரு மரம் நிற்கும். ரோஜாவிலும் இதே கதைதான் நடக்கிறது. “முதல்ல சிவப்பா பூத்துச்சு, இப்ப கொடியாப் போகுது, பூவே இல்ல” என்று சொல்கிற வீடுகளில் எல்லாம் பூத்த ரோஜா எப்போதோ போய்விட்டது, வளர்வது அடிச்செடி.

அழகுச் செடிகள் எல்லாவற்றுக்கும் தாய் மண்ணை உடைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. காகிதப்பூவின் சல்லிவேர் ரொம்ப மென்மையானது. கையை வைத்தாலே அறுந்துவிடும். அதை மட்டும் அப்படியே இறக்க வேண்டும், அதற்கேற்றமாதிரிச் சுற்றியும் மண் கனத்த கலவையை வைக்க வேண்டும். செம்பருத்தி, இட்லிப் பூ, நந்தியாவட்டை மூன்றும் லேசாகக் கரைத்து விட்டதும் நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன. அடீனியத்தை மொத்தமாகக் கழுவி, வெட்டிய வேர் ஆற இரண்டு நாள் வெளியே வைத்தே நடலாம்.

நேரடி வெயில் நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் விழாத பால்கனியில் எலுமிச்சை வைக்க வேண்டாம். எவ்வளவு உழைத்தாலும் இலைதான் வரும். அங்கே அக்லோனிமா வைக்கலாம், மணி பிளான்ட் வைக்கலாம். குரோட்டன்ஸ் வைத்தால் வெயில் குறையக் குறைய நிறம் போய்ப் பச்சையாகிவிடும். மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் சூடேறி அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும். அத்தை வீட்டில் தொட்டியைப் பெரிய மண் தொட்டிக்குள் வைத்து, நடுவில் நார்க்கழிவை அடைத்துவிட்டோம்.

இப்போது அத்தை என்னிடம் கேட்பது பூக்க வைப்பதைப் பற்றி. எலுமிச்சை விவசாயிகள் மரத்தை வாடவிட்டுப் பூக்க வைப்பார்கள். தண்ணீரை நிறுத்தி, இலை சற்றுத் துவண்டதும் உரமிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் தளிரும் பூவும் சேர்ந்து கிளம்பும். தொட்டியில் மண் குறைவு என்பதால் வாரக்கணக்கில் நிறுத்த முடியாது; காலையில் இலை சுருண்டிருந்தால் அன்றே தண்ணீர் விட்டுவிட வேண்டும். தை மாதம் மழை ஓய்ந்த பிறகு செய்தால் ஆடி வாக்கில் காய் பறிக்கலாம், பூவிலிருந்து காய்க்கு ஐந்து ஆறு மாதம் ஆகும். அத்தைக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. “பொழைச்சு வந்த செடிய நான் வாட விடமாட்டேன்” என்கிறார். அவருடையது சைனா ஆரஞ்சு. அதற்கு இது தேவையும் இல்லை, நல்ல வேர் இருந்தால் வருடத்தில் பல தடவை தானாகவே பூக்கும். எலுமிச்சை வைத்திருக்கிறவர்கள் செடிக்கு இரண்டு வயது தாண்டிய பிறகு செய்து பாருங்கள்.